ரெண்டும் ரெண்டும் மூணு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முதுகுவலி தேவலையா?

வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துக் கையால் பேசுகிறவள் இப்போது ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போன் கேமரா போய்விட்டது. இவர் தானே சரி பண்ணித் தருகிறேன் என்கிறார். டிக்கெட் கிழித்துப் பழகிய கண்டக்டர் கையில் போனைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

பள்ளியில் ஒரு கூத்து. காது கேட்காத பிள்ளைகளுக்குக் காது கேட்காத டீச்சர். எங்கள் வகுப்பைப்போல் வளவளவென்று பேசுகிற வகுப்பு அந்தக் கட்டடத்திலேயே கிடையாது, உனக்குத் தெரியும். போன வாரம் கணக்குப் பாடம். ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்டு, நானே நாலு விரலைக் காட்டினேன். நோட்டை வாங்கிப் பார்த்தால் வகுப்பு மொத்தமும் மூணு என்று எழுதியிருக்கிறது. ஒருத்தி தப்பு விட்டால் அவளைத் திட்டலாம். வகுப்பே தப்பு விட்டால் டீச்சரைத்தான் பார்க்க வேண்டும். என் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் மடங்கிக் கிடந்தது. நான் மடக்கவில்லை. முன்பெஞ்சுக்காரி எழுந்து வந்து அதை நிமிர்த்திப் பார்த்தாள், வரவில்லை. "டீச்சர், இது தூங்குது" என்று சைகை செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். உள்ளங்கையில் முதலில் ஒரு சின்ன முடிச்சு வந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டேன். இப்போது விரல் உள்ளே வளைகிறது. காலையில் முகம் கழுவினால் அதுவே கண்ணில் குத்துகிறது. நம் கையே நம் கண்ணைக் குத்துமா என்று கேட்பார்களே, குத்தும் அண்ணா.

டாக்டரைப் பார்க்கப் போகிறோம். நீ கவலைப்படாதே. பதில் போடு.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். உன் அண்ணியின் முதுகுவலி போய்விட்டது, இப்போது முழங்கால். அதற்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

அப்பாவின் கை நினைவிருக்கிறதா? கடைசிப் பத்து வருஷம் யாருக்குக் கை கொடுத்தாலும் கிள்ளுகிற மாதிரியே இருக்கும். லாரி ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து வளைந்துவிட்டது என்று நாமே ஒரு காரணம் வைத்திருந்தோம். நீ ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அப்படியானால் வேறு ஏதோ.

அவசரப்பட்டுக் கத்தி வைக்க ஒப்புக்கொள்ளாதே. டாக்டரிடம் இதை மாத்திரம் கேள்: ரெண்டு கையிலும் வருமா? வளைந்த விரல் அப்படியே நின்றுவிடுமா, போகப்போக மற்ற விரலையும் இழுக்குமா? கையுறை மாட்டுகிற வேலையில் இருப்பவர்களுக்கு என்ன சொல்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே துறைமுகத்தில் கப்பலுக்குமேல் கப்பல். காலையில் கிரேனில் ஏறினால் இறங்கும்போது கால் தரையை மறந்துவிடுகிறது.

போனை ரிப்பேர் செய்ய அவசரம் இல்லை. கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் இங்கே சிக்னல் சுகமில்லை.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாவரும் நலம். அண்ணியின் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

டாக்டரம்மாவைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும். முதலில், கையை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். தட்டையாகப் படியவில்லை. உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு எலி குடியிருக்கலாம். "மேசையில கை படியலைன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்க வேண்டிய நேரம்" என்றார். என் முகத்தைப் பார்த்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

தோலுக்கு அடியில் ஒரு சவ்வு இருக்கிறதாம். அது தடித்து, கயிறாகத் திரண்டு, விரலை உள்ளே இழுக்கிறதாம். கயிற்றை வெட்டி எடுத்துவிட்டால் விரல் நிமிரும். முழுசாக நிமிரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். நீ கேட்டதையும் கேட்டேன். ரெண்டு கையிலும் வரலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரலாம். அப்பாவுக்கு வந்தது ஸ்டியரிங்கால் இல்லை. மோதிரவிரலையும் இழுக்கும். ரொம்பத் தாமதித்தால் மூட்டே இறுகிப்போய், கயிற்றை வெட்டினாலும் விரல் திறக்காது. கையுறைக்காரர்களைப் பற்றி நான் கேட்டதும், "யாருக்கு?" என்றார். என் அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துகொள்ள ஆசை என்றேன்.

மார்ச் முதல் வாரம் ஆபரேஷன். கத்திக்கு நான் பயப்படவில்லை அண்ணா. மற்றவர்களுக்குக் கையில் கட்டுப் போட்டால் கையில்தான் கட்டு. எனக்கு அது வாயில் போடுகிற கட்டு. இடது கையால் பேசலாம், பாதிப் பேச்சு. அதை இவர் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல மனுஷன்தான், ஆனால் இவருடைய சைகை லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கும். நான் அரைச்சொல் சொன்னால் மீதியைப் பிடிக்கிற ஆள் சின்ன வயசிலிருந்து நீ ஒருத்தன்தான். ஒரு பத்து நாள் வந்து இருக்கிறாயா?

எதிர்பார்ப்புடன்,
தங்கை


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது.

லீவு கேட்டுப் பார்த்தேன். கிடைக்காது போலிருக்கிறது. கப்பல் வரத்து அப்படி. மாப்பிள்ளை இருக்கிறார், பார்த்துக்கொள்வார். தைரியமாக இரு. முடிந்ததும் எழுது: எவ்வளவு நேரம் ஆனது, மரக்கச் செய்கிற ஊசி எங்கே போட்டார்கள், பிறகு எத்தனை நாளில் பிடி வந்தது, எல்லாம்.

அண்ணன்


மார்ச் 14

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நான் உங்கள் மாப்பிள்ளை. உங்கள் தங்கை இடது கையால் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ வராதது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. (இதைச் சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.)

தோள் பக்கம் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வலது கை என்னுடையதே இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை மாதிரி பக்கத்தில் கிடந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இருந்த பயம் வேறு. உள்ளே எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள், உதடு தெரியாது. வலது கை மரத்திருக்கும். இடது கையிலும் ஊசியைக் குத்தி ஒட்டிவிட்டால் ஊமையாகக் கிடக்க வேண்டியதுதான். முன்னாடியே அதைச் சொல்லிவைத்தேன். மயக்க மருந்து டாக்டர் முழங்கைக்கு மேலே ஊசி ஏற்றி விரல்களை விட்டுவிட்டார். அவரே தலைமாட்டில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவுமாக நின்றார்.

டாக்டரம்மா எனக்காக மூன்று சைகை கற்றுக்கொண்டு வந்திருந்தார். 'வலிக்கிறதா', 'நன்றாகப் போகிறது', 'முடிந்தது'. பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, திரைக்குமேல் ரெண்டு கையையும் தூக்கி, அக்கறையாக என்னைக் கேட்டார்: "கல்யாணம் ஆயிடுச்சா?"

விரல் ஒரு இடம் மாறிவிட்டது, பாவம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆயிடுச்சு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றேன். (அது, இது என்றுதான் சொன்னாள். நான் மாற்றவில்லை.) மயக்க மருந்து டாக்டர் பலகையில் அவசரமாக எழுதிக் காட்டினார்: 'சிரிக்காதீங்க. கை ஆடுது.'

இப்போது உள்ளங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். மேலே பெரிய கட்டு. கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துத் திருப்பி வணக்கம் சொல்கிறார்கள்.

(மச்சான், இது நான் மட்டும் எழுதுவது. நேற்று அவள் ஏதோ கேட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். இல்லை என்றாள். தலையணை கொண்டுவந்தேன். இல்லை. நாலைந்து சாமான் மாற்றிய பிறகு, விடு என்று கையை இறக்கிவிட்டாள். என்ன கேட்டாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஊர் பூரா கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அமைதியாக இருக்கும் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான். இப்போதுதான் நிஜமாகவே அமைதியாக இருக்கிறது. பிடிக்கவில்லை.)

இப்படிக்கு,
தங்கையும் மாப்பிள்ளையும்


மார்ச் 30

அன்புள்ள தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும்,

எல்லாம் நல்லபடி முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. கல்யாணக் கதையைப் படித்துவிட்டுக் கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கீழே இருந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

தையல் பிரித்தாயிற்றா? பிரிக்கும்போது வலித்ததா? விரல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது? சாமான் தூக்க எப்போது விடுவார்கள்? வேலையை விட்டு எடுத்துவிடுகிற மாதிரி சான்றிதழ் ஏதாவது எழுதிக் கொடுப்பார்களா, இல்லை தற்காலிகம்தானா? விவரமாக எழுது.

மாப்பிள்ளை, அவள் அப்படி ஒன்றும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டாள். ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பாள். அவளுக்கு முகத்தில் காற்று அடித்தால் பிடிக்காது.

அண்ணன்

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது: உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணனுக்கு வயசு ஏற ஏறக் குழந்தையாகிக்கொண்டு வருகிறார். நேற்று முகம் கழுவும்போது கண்ணைக் குத்திக்கொண்டு நிற்கிறார், கண் சிவந்துவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் முகம் கழுவ நானா கற்றுக்கொடுக்க முடியும்?


மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். இது என் சொந்தக் கை. எழுத்து நண்டு நடக்கிற மாதிரி இருக்கிறதா? பொறுத்துக்கொள்.

நடுவில் நன்றாக இல்லை. தையல் பிரித்த பிறகு கை வீங்கி, விரல் விறைத்து, முன்னே மடங்கிக் கிடந்தது போக இப்போது மடங்கவே மாட்டேன் என்றது. பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் அதைப் பிடித்து மடக்குவாள், நிமிர்த்துவாள், தழும்பைத் தேய்ப்பாள். ஒரு நாள் வலி தாங்காமல், உன் கையை யாராவது இப்படிப் பண்ணினால் தெரியும் என்று இடது கையால் கொட்டித் தீர்த்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதையே வலது கையால சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். சொன்னேன். பாதி விரல்கூட எழவில்லை. கோபம் மாத்திரம் எழுந்தது. "நாளைக்கும் இதே மாதிரி திட்டுங்க. இதைவிட நல்ல பயிற்சி என்கிட்ட இல்ல" என்றாள். அன்றிலிருந்து தினமும் அவளைத் திட்டுகிறேன். விரல் தேறிக்கொண்டு வருகிறது. திட்டுவதற்குத்தான் விஷயம் தீர்ந்துபோய், இப்போது உன் மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோடை லீவு விடுகிற வரைக்கும் பள்ளிக்குப் போனேன். கட்டோடு போன நாட்களில் இடது கையால்தான் பாடம். ஒரு நாள் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் அத்தனை பேரும் வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எப்படியோ அப்படித்தானே பேசுவார்கள்!

அண்ணா, உன் கண் எப்படி இருக்கிறது?

அண்ணி எழுதியதைப் படித்த அன்றே எழுதியிருப்பேன், கை வரவில்லை. இதை இவரைவிட்டு எழுதச்சொல்ல எனக்கு மனசில்லை. என் போன் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொச்சையாகிப்போன என் பேச்சை உன்னிடம் காட்டப் பிடிக்காமல்தான் பேனாவை எடுத்தேன். உன் சிக்னலுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். உன் எழுத்து கோணவில்லை. அப்படியானால் இடது கை, இல்லையா? ரெண்டு கையிலும் வருமா என்று நீ முதல் கடிதத்திலேயே கேட்டாய்.

உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வை. படிகிறதா இல்லையா, அது ஒன்றை மட்டும் எழுது.

தங்கை


ஜூன் 2

அண்ணா,

சுகம். சுகம்தானா?

உங்கள் வீட்டில் மேசை இல்லையென்றால் சொல், பார்சலில் ஒன்று அனுப்புகிறேன்.

தங்கை


ஜூன் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேசை இருக்கிறது. கைதான் படியவில்லை.

ரெண்டு வருஷமாக இருக்கிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும். லிவரைப் பிடிக்க வளைந்த விரல் தோதாகத்தான் இருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கையுறை மாட்டுவதுதான் பெரும்பாடு. ரெண்டு விரலைக் கத்தரித்துவிட்டு மாட்டிக்கொள்கிறேன். அண்ணியிடம் போன வாரம்தான் சொன்னேன். அன்று மாலை என் சட்டையை எல்லாம் எடுத்துவைத்துப் பொத்தான் துளைகளைப் பெரிதாக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரிடம் போனால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை எனக்கு வராது. அங்கே மேலேதான் நான் நான். உனக்குக் கை எதுவோ, எனக்கு அந்தக் கேபின்.

மார்ச்சில் லீவு கிடைத்தது. கேட்ட உடனே கொடுத்தார்கள். வந்திருந்தால் உன் கையைப் பார்க்கிற டாக்டர் என் கையைப் பார்க்காமலா விடுவார்? நீ பார்க்காமலா விடுவாய்? ஒற்றைக் கையால் பேசத் திணறுகிறவளைப் பார்க்க வராமல், என் ஒற்றைக் கையை ஒளித்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் டாக்டரம்மா என்னைப் பார்ப்பாரா?

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்கு என் அன்பு. பொத்தான் துளைகளை மறுபடி சின்னதாக்க வேண்டிவரும் என்று சொல்லிவை.

மார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வருத்தம் இருந்தது, ஏப்ரல் வரைக்கும். அண்ணியின் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது போய்விட்டது. நீ எழுதின கேள்விகளை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். என்னைப் பற்றி விசாரிக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான், பயந்துபோனவன்தான் கேட்பான் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நானும் மக்குதான்.

டாக்டரம்மா ஆகஸ்டில் நாள் கொடுத்திருக்கிறார். கிரேனைப் பற்றிக் கேட்டேன். "மூணு மாசம் கீழே இருக்கட்டும், அப்புறம் நானே மேலே ஏத்தி விடுறேன்" என்று சிரித்தார். கையைப் பார்க்காமல் அதற்குமேல் பேச மாட்டாராம்.

என் சுண்டுவிரல் முழுசாக நிமிரவில்லை. நுனி கொஞ்சம் குனிந்தேதான் நிற்கிறது, இனிமேல் அப்படித்தானாம். இரவில் மாத்திரம் விரலை நிமிர்த்திப் பிடிக்கிற பட்டையை இன்னும் போட்டுக்கொள்கிறேன். நேற்று ஆறு, ஏழு, எட்டு எல்லாம் காட்டினேன். முன்பெஞ்சுக்காரி சரியாகவே எழுதினாள்.

உனக்குக் காது கேட்பது ஒன்றுதான் என் கவலை. கத்தி, கத்தரி, இடுக்கி, எல்லாச் சத்தமும் கேட்கும். அதற்கும் வழி பண்ணிவிட்டேன். நானும் உள்ளே வருகிறேன். டாக்டரம்மா சரி என்றுவிட்டார். முகமூடி போட்டால் மற்றவர்கள் வாய்தான் மூடும், என் வாய் மூடாது.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போனில் கூப்பிடு. கையைக் காட்டு.

தங்கை


செப்டம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் என் மனைவியும், அதாவது நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவளும், நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் இருந்த நாட்களில் நீங்கள் செய்த உபசாரத்துக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் விடுகிறேன். கையில் வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் பயிற்சி. இடது கையென்பதால் எழுதத் தடையில்லை. மூன்று மாதம் கீழே அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி தரையோடு இருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கேபினுக்கு வேறு ஆளைப் போடவில்லை. நான் வரும்வரைக்கும் முறை மாற்றி ஓட்டுகிறார்கள்.

இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. ஆபரேஷன் அன்று உங்களுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தள்ளுவண்டியில் வெளியே வந்தபோது நீங்கள் முகம் வெளுத்துப்போய், "ஏன் இவ்ளோ நேரம் மச்சான்? ஏதாவது சிக்கலா?" என்று கேட்டீர்கள். அக்கா பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு அப்போது பேச மூச்சு இல்லை. உங்கள் மனைவி ஒன்றுமில்லை என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டாள். நடந்தது இதுதான்.

உள்ளே போனதும் தட்டில் சாமான்களை வைக்கிற சத்தம் ஒவ்வொன்றும் காதில் இறங்கியது. அவள் என் பார்வைக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பச்சை அங்கி, பச்சைத் தொப்பி, முகமூடி. கண்ணும் கையும்தான் தெரிந்தது. "இங்க பாரு, இவர் பஸ்ல நடந்த ஒரு கதை சொல்றேன்" என்றாள்.

உங்கள் பஸ்ஸில் கல்யாணக் கோலத்தில் ஒரு பெண் தனியாக ஏறினாளாமே, அந்தக் கதை. மண்டபம் இருக்கிற திசைக்கு நேர் எதிராக. ஓடிப்போகிறாளோ என்று நீங்கள் பயந்தது, பயணிகள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து புத்தி சொன்னது, டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நியாயம் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு பயணியாகவும் அவளே மாறினாள். உங்கள் கத்தலைக்கூடக் கையால் செய்தாள். நுனி குனிந்த அந்தச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து பறந்தது. ஒரு சொல் எனக்குத் தவறவில்லை.

நான் சிரிப்பதைப் பார்த்து நர்ஸ், "என்ன சொல்றாங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள். நான் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து டாக்டர், "அப்புறம்?" என்றார். டாக்டரம்மா கை வேலையில் இருந்தாலும் காது இங்கேதான் இருந்தது. "ஓடிப்போறான்னுதான் நான் நினைக்கிறேன்" என்று குனிந்தபடியே சொன்னார். என் கையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

கட்டுப் போட்டு முடித்து டாக்டரம்மா இரண்டு கையையும் தூக்கி, இந்த முறை சரியாகவே, 'முடிந்தது' என்று காட்டினார். வண்டியை நகர்த்த ஆள் வந்தான். உங்கள் மனைவி உள்ளங்கையை விரித்து அவனை நிறுத்தினாள். "இருங்க. கதை முடியல."

யாரும் நகரவில்லை, மாப்பிள்ளை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். வண்டி தள்ள வந்தவனும் நின்றான். கல்யாண மாப்பிள்ளை வீட்டில் அசந்து தூங்கிவிட்டான், போனையும் எடுக்கவில்லை, அவனை எழுப்பி மண்டபத்துக்குக் கூட்டிப்போகத்தான் அந்தப் பெண் பஸ் ஏறினாள் என்று கேட்டபிறகுதான், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான், என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் அவ்வளவுதான். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்